இரவல் விருந்தோம்பல்: முஸ்லிம் சிற்றூர்களில் மறைப்பணியாளர் இல்லமும் வருகைதரும் திருச்சபைத் தன்னார்வலரும்

ஆய்வுச் சுருக்கம்

முஸ்லிம் மக்கள் வாழும் சிற்றூர்களில் தங்கிப் பணிபுரியும் கிறித்தவ மறைப்பணியாளர், தாயகத் திருச்சபையிலிருந்து வரும் தன்னார்வலர்களை வரவேற்கும்போது விருந்தோம்புபவராகத் தோற்றமளிக்கிறார். ஆயினும் அவ்வூரைப் பொறுத்தவரை அவரே ஒரு விருந்தினர். விருந்தினர் ஒருவர் பிறிதொரு விருந்தினரை ஏற்கும் இந்நிலை ‘இரவல் விருந்தோம்பல்’ என இக்கட்டுரையில் சுட்டப்படுகிறது. அல்சீரியாவில் வாழ்ந்த சார்ல் தெ ஃபூக்கோவின் இல்லம், திபிரின் துறவுமடம், 2007ஆம் ஆண்டு ஆப்கானித்தானில் நிகழ்ந்த தென்கொரியத் தன்னார்வலர் கடத்தல் ஆகிய மூன்றையும் சான்றாகக் கொண்டு இந்நிலையின் இயல்பு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விருந்து, அடைக்கலம், அமான், அனாயா, மறைப்பணி, குறுகியகாலத் தன்னார்வலர், துவாரெக், திபிரின்.

முன்னுரை

மறைப்பணி வரலாற்றைக் கற்போர் பெரும்பாலும் மறைப்பணியாளரின் எழுத்துகளையும் அவர் நிறுவிய பள்ளி, மருத்துவமனை, அச்சகம் முதலியவற்றையும் ஆராய்வர். தமிழியலிலும் சீகன்பால்கு, வீரமாமுனிவர், கால்டுவெல் ஆகியோர் குறித்த ஆய்வுகள் இவ்வழியே வளர்ந்துள்ளன. மறைப்பணியாளரின் வீட்டு வாயில், அவ்வாயிலைக் கடந்து வந்தோர், அவர்களுக்கு உணவளித்தோர், அவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றோர் என்னும் செய்திகள் குறைவாகவே கவனம் பெற்றுள்ளன.

முஸ்லிம் சிற்றூர்களில் இச்செய்திகள் தனி முதன்மை பெறுகின்றன. அங்கு மறைப்பணியாளருக்கென நிலைத்த திருச்சபைச் சமூகம் பெரும்பாலும் இல்லை. வீடு, நீர், சந்தை, வழித்துணை ஆகிய அனைத்துக்கும் அவர் ஊராரைச் சார்ந்தே வாழ்கிறார். இந்நிலையில் அவரை நாடிச் சில நாள்களோ சில வாரங்களோ தங்கிச்செல்லும் தன்னார்வலர் குழு ஒன்று வருமாயின், அக்குழுவின் உண்மையான விருந்தோம்புநர் யார் என்னும் வினா எழுகிறது. ஊரே அக்குழுவின் விருந்தோம்புநர் என்பதும், மறைப்பணியாளர் செலவிடுவது ஊர் தமக்கு அளித்த நம்பிக்கையையே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

விருந்து: சொல்லும் பொருளும்

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறுமிடத்தும் புதுமைப் பொருளே அமைந்துள்ளது. புதுமையைக் குறித்த சொல் புதிதாய் வந்தவரைக் குறித்து, பின்னர் அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. இல்வாழ்வான் பேண வேண்டியோரை வரிசைப்படுத்தும் திருக்குறள், விருந்தையும் சுற்றத்தையும் தனித்தனியே எண்ணுகிறது. ஆகவே விருந்தினர் என்பவர் முன்பின் அறியாதவர். உறவின் உரிமையின்றி வருபவர்.

பிரெஞ்சு மொழியில் ‘ஓத்’ என்னும் ஒரே சொல் விருந்தினரையும் விருந்தோம்புபவரையும் குறிக்கும். யார் யாரை ஏற்கிறார் என்பதைச் சூழலே அங்குத் தெளிவாக்க வேண்டும். முஸ்லிம் சிற்றூரில் வாழ்ந்த பிரெஞ்சு மறைப்பணியாளரின் நிலைக்கு இச்சொல் பொருந்திவருகிறது.

அரபு மொழியில் விருந்தினர் ‘தைஃப்’ எனப்படுவார். இதனோடு இணைத்து நோக்கத்தக்கது ‘அமான்’ என்னும் சொல். ஒருவருக்கு அளிக்கப்படும் காப்புறுதியை இது குறிக்கும். வட ஆப்பிரிக்காவில் இதே கருத்து ‘அனாயா’ என வழங்கியது. குடியைச் சேர்ந்த ஒருவர் வழிப்போக்கர் ஒருவரைத் தம் பாதுகாப்பில் ஏற்றால், அவ்வழிப்போக்கருக்கு இழைக்கப்படும் தீங்கு காப்பளித்தவரின் மானத்துக்கு நேர்ந்த இழுக்காகக் கருதப்பட்டது. ஆகவே விருந்தோம்பல் உணவளிப்பதோடு முடிவதில்லை. விருந்தினரின் உயிருக்கும் நடத்தைக்கும் பிணையாக நிற்பது அதன் மையம்.

இரு மறைகளில் விருந்தினர்

ஆபிரகாம் என விவிலியமும் இப்ராஹீம் எனக் குர்ஆனும் போற்றும் முன்னோர், முன்பின் அறியாத மூவரை வரவேற்றுக் கன்றடித்து விருந்தளித்த நிகழ்ச்சி தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. குர்ஆனின் 11, 51ஆம் அத்தியாயங்களிலும் வந்தோருக்குக் கன்றிறைச்சி படைத்த செய்தி உண்டு. இரு வடிவங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உள்ளது. விவிலியத்தில் வந்தவர்கள் உண்கின்றனர். குர்ஆனில் அவர்களின் கைகள் உணவை நோக்கி நீளவில்லை. அதனைக் கண்ட இப்ராஹீம் அச்சமுறுகிறார். படைத்ததை உண்ணாத விருந்தினர் ஐயத்துக்குரியவர் என்னும் பண்பாட்டு உணர்வு இதில் பதிவாகியுள்ளது. தூய்மை குறித்த அச்சத்தால் ஊர் தந்த உணவை மறுக்கும் அயல்நாட்டார் எத்தகைய உணர்வை எழுப்பக்கூடும் என்பதை இவ்விடம் உய்த்துணர வைக்கிறது.

விருந்தோம்பல் மூன்று நாள் என்றும், அதற்கு மேற்பட்டது தருமம் என்றும், விருந்தளிப்பவருக்குச் சுமையாகும் அளவுக்குத் தங்கலாகாது என்றும் நபிமொழி கூறும். குர்ஆனின் 9ஆம் அத்தியாயம், இணைவைப்போருள் ஒருவர் அடைக்கலம் வேண்டினால் அதனை அளித்து, இறைமொழியைக் கேட்கச் செய்து, பின்னர் அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பிக்குமாறு பணிக்கிறது. விருந்தளிப்பவரின் கடமை, விருந்தினரின் வரம்பு ஆகிய இரண்டும் இம்மரபில் வரையறுக்கப்பட்டுள்ளன.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடரை ஊர்களுக்கு அனுப்பும்போது பணப்பை, பை, மிதியடி எதனையும் எடுத்துச் செல்ல வேண்டாம் என்கிறார். வரவேற்கும் வீட்டிலேயே தங்கி, படைக்கப்படுவதை உண்ணவும், வீடுவிட்டு வீடு மாறாதிருக்கவும் அவர்களைப் பணிக்கிறார். கிறித்தவ மறைப்பணியின் மூலப் பனுவல்களுள் ஒன்றாகிய இப்பகுதி, அனுப்பப்பட்டவரை விருந்தினராகவே காண்கிறது. அவர் கொண்டுசெல்லும் பொருளைக் காட்டிலும் அவர் பெற்றுக்கொள்ளும் முறையே இங்கு முதன்மை பெறுகிறது.

குறுகியகாலத் தன்னார்வலர் மரபு

முற்காலத்தில் மறைப்பணியாளர் பல்லாண்டுகள் ஓரிடத்தில் தங்கினர். கர்தினால் லவிஷெரி 1868இல் அல்சியர்சில் நிறுவிய ‘வெள்ளைத் தந்தையர்’ சபை இதற்கு எடுத்துக்காட்டு. அச்சபையினர் மக்களின் மொழியைக் கற்கவும், அவர்களின் உடைக்கு நெருங்கிய உடையை அணியவும், மூவருக்குக் குறையாத குழுவாக வாழவும் கடப்பாடு கொண்டிருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு முறை பரவியது. 1957இல் மெக்சிகோவுக்குச் சென்ற மாணவர் பயணத்தில் தோன்றி வளர்ந்த ‘ஆப்பரேஷன் மொபிலைசேஷன்’, 1960இல் தொடங்கப்பெற்ற ‘யூத் வித் எ மிஷன்’ ஆகியன இளையோரைக் குறுகிய காலத்துக்கு அயல்நாடுகளுக்கு அனுப்பும் முறையை வளர்த்தன. வானூர்திப் பயணம் எளிதானபோது, தனித் திருச்சபைகளும் விடுமுறை நாள்களில் குழுக்களை அனுப்பலாயின. இக்குழுவினரிடம் ஆர்வமும் உடலுழைப்பும் சில வேளைகளில் மருத்துவம், கல்வி போன்ற துறைத்திறனும் இருக்கலாம். ஊரின் மொழியைக் கற்கவும் ஊராரின் நம்பிக்கையைப் பெறவும் வேண்டிய காலம் அவர்களிடம் இல்லை. அவ்விரண்டையும் அங்கு நெடுநாள் தங்கிய மறைப்பணியாளரிடமிருந்தே அவர்கள் கடன் பெறுகின்றனர்.

ஃபூக்கோவின் இல்லம்: பெறுதலும் அதன் சிக்கலும்

சார்ல் தெ ஃபூக்கோ (1858–1916) படைவீரராக இருந்தவர். 1883–84இல் யூத ரபியின் வேடத்தில் மொரோக்கோவில் பயணம் செய்து, 1888இல் அப்பயண நூலை வெளியிட்டார். வழிப்போக்கர்கள் உள்ளூர்க் காவலரின் பொறுப்பில் ஒரு குடியின் நிலத்திலிருந்து மற்றொரு குடியின் நிலத்துக்கு அனுப்பப்பட்ட அனாயா முறையை அந்நூலில் அவர் விளக்கியுள்ளார். பிறர் அளித்த காப்பில் வாழ்வதன் பொருளை அவர் துறவு பூணுமுன்பே அறிந்திருந்தார் எனலாம்.

1901இல் அல்சீரியாவின் பெனி அப்பேசில் அவர் அமைத்த இல்லத்தை ஊரார் உடன்பிறப்பின் வீடாகக் கருத வேண்டும் என விரும்பினார். ஏழைகளும் அடிமைகளும் படைவீரரும் வழிப்போக்கரும் அங்கு வந்தனர். 1905இல் துவாரெக் மக்கள் வாழும் ஹொகார் பகுதியின் தமன்ராசெட்டில் குடியேறினார். அங்குத் தலைவர் மூசா அக் அமஸ்தானின் இசைவு அவரது வாழ்வுக்கு அடிப்படையாக அமைந்தது.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்று இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. நெடிய வறட்சியில் தம்மிடமிருந்த உணவுப்பொருள்களை ஃபூக்கோ பகிர்ந்தளித்துவிட்டுக் கடும் நோயுற்றார். பால் அரிதாயிருந்த அந்நாளில் துவாரெக் மக்கள் சுற்றுவட்டாரத்து ஆடுகளையெல்லாம் தேடிப் பால் திரட்டி அவரைப் பிழைக்கச் செய்தனர். கொடுப்பவராக வந்தவர் பெறுபவரானார். அவர்களோடு அவர் கொண்ட உறவு ஆழமுற்றதை ஆய்வாளர் பலர் இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துவர்.

அவர் இல்லத்துக்கு வந்த விருந்தினர் இருவகையினர். மொழியறிஞர் மோத்திலின்ஸ்கி 1906இல் அங்குத் தங்கித் துவாரெக் மொழியாய்வில் உடனுழைத்தார். 1907இல் அவர் மறைந்தபின் ஃபூக்கோ அப்பணியைத் தொடர்ந்தார். அவர் திரட்டிய துவாரெக் பாடல்கள் ஏறத்தாழ 6000 அடிகள். அவை 1925, 1930ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தன. அவரது துவாரெக்–பிரெஞ்சு அகராதி 1951–52இல் நான்கு தொகுதிகளாக அச்சேறியது. 1732இல் சதுரகராதியை அளித்த வீரமாமுனிவரைப் போன்றே, விருந்தினராய் வந்தவர் தம்மை ஏற்ற மக்களின் மொழிக்குச் செய்த கைம்மாறு இது எனலாம்.

மற்றொரு வகையினர் பிரெஞ்சுப் படை அலுவலர்கள். அவர்கள் ஃபூக்கோவின் நாட்டினர், அவருள் சிலர் அவருடைய பழைய நண்பர். அவர்களை ஏற்றபோதெல்லாம் குடியேற்ற அரசின் நிழலும் அவ்வில்லத்தில் படிந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் கட்டிய காப்பரணில் படையினர் ஆயுதங்களையும் வைத்தனர். 1916 திசம்பர் 1 அன்று, அறிந்த ஒருவரின் அழைப்புக்கு அவர் கதவைத் திறந்தபோது கிளர்ச்சியாளர் அவரைப் பிடித்தனர், அன்றே சுட்டுக்கொல்லப்பட்டார். விருந்தினர் யாவர் என்பது இல்லத்தின் பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு இது துயரமான சான்று. ஊருக்குத் திறந்திருந்த இல்லம், அயலாட்சியின் விருந்தினர் வந்தபின் ஊரின் கண்ணுக்கு அரணாயிற்று.

அவர் வாழ்வில் இதற்கு எதிரான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1913இல் உக்செம் என்னும் துவாரெக் இளைஞரைப் பிரான்சுக்கு அழைத்துச்சென்று தம் உறவினர் வீடுகளில் தங்கவைத்தார். ஊர் தமக்கு அளித்த விருந்தைத் தம் குடும்பம் ஊருக்குத் திருப்பியளிக்க அவர் வழிசெய்தார். தன்னார்வலர் பயணங்கள் பெரும்பாலும் ஒரே திசையில் அமைவதை நோக்க, இது நினைவில் கொள்ளத்தக்கது. 2022 மே 15 அன்று ஃபூக்கோவுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, நட்டாலத்தைச் சேர்ந்த தேவசகாயமும் அதே விழாவில் புனிதராக அறிவிக்கப்பட்டார் என்பது தமிழ் வாசகர் அறிந்த செய்தி.

திபிரின்: ஊரோடு நின்ற மடம்

அல்சீரியாவின் மெதேயா நகரை அடுத்த மலைப்பகுதியில் உள்ள திபிரினில் 1938இல் திராப்பிஸ்து துறவியர் மடம் அமைந்தது. ‘திபிரின்’ என்பது பெர்பர் மொழியில் தோட்டங்களைக் குறிக்கும். விடுதலைப்போர்க் காலத்தில் மலைகளிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் மடத்தைச் சுற்றிக் குடியேற, அங்கு ஊர் வளர்ந்தது. துறவியர் ஊராரோடு தோட்டப்பயிர் செய்தனர். 1946இல் வந்த சகோதரர் லூக் நடத்திய மருத்துவ நிலையத்தில் ஊரார் மருத்துவம் பெற்றனர். ஊராரின் தொழுகைக்கெனத் துறவியர் தம் வளாகத்தில் ஓர் அறையையும் ஒதுக்கினர். வரும் விருந்தினர் அனைவரையும் கிறித்துவாகவே ஏற்க வேண்டும் எனப் புனித பெனடிக்டின் ஒழுங்குநூல் 53ஆம் அதிகாரத்தில் கூறுவதால், விருந்தினர் இல்லம் துறவுமடத்தின் உறுப்பாக விளங்கியது.

மடத்தின் தலைவர் கிறித்தியான் தெ ஷெர்ஜே 1959இல் அல்சீரியாவில் படைப்பணியில் இருந்தபோது, முகமது என்னும் ஊர்க்காவலர் ஒருவர் அவரைத் தாக்குதலிலிருந்து காத்தார். மறுநாள் முகமது கொல்லப்பட்டுக் கிடந்தார். விருந்தினருக்காக உள்ளூர்வாழ்நர் செலுத்தக்கூடிய விலையை ஷெர்ஜே இளமையிலேயே கண்டார். அவரது துறவு வாழ்வை இக்கடனின் உணர்வு நடத்தியது.

1993ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்தைய இரவில் ஆயுதக்குழுவினர் மடத்துக்கு வந்து மருத்துவரையும் மருந்தையும் பணத்தையும் வேண்டினர். ஆயுதத்துடன் மடத்தில் நுழைய முடியாது என ஷெர்ஜே மறுத்தார். முதியவரான லூக்கை வெளியே அனுப்பவும் மறுத்தார். நோயுற்றோர் எவராயினும் மருத்துவ நிலையத்துக்கு வரலாம் என்றார். பின்னர் வெளியேறுவதா தங்குவதா எனத் துறவியர் பலமுறை கலந்தாய்ந்தனர். வெளியேறும் வாய்ப்பற்ற ஊரார் அங்கேயே இருந்தனர் என்பது அக்கலந்தாய்வில் இடம்பெற்ற முதன்மையான கருத்து.

1996 மார்ச்சு 26–27 இரவில் எழுவர் கடத்தப்பட்டனர். அவருள் ஒருவர் மொரோக்கோவிலிருந்து வந்து தங்கியிருந்தவர். கிறித்தவ–முஸ்லிம் உரையாடல் குழுவின் கூட்டத்துக்காக விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்த சிலர் கடத்தப்படவில்லை. 1996 மே 30 அன்று எழுவரின் தலைகள் கண்டெடுக்கப்பட்டன. 2018 திசம்பர் 8 அன்று ஓரானில் நடந்த விழாவில் அவர்கள் ஏனைய பன்னிருவரோடு அருளாளர் பட்டம் பெற்றனர். மடத்தில் விருந்தினராயிருந்த எவரும், ஊரில் விருந்தளித்த எவரும் அன்று ஒரே இடரின் எல்லைக்குள் நின்றனர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

காஸ்னி 2007: வீட்டுக்காரரற்ற விருந்தினர்

ஃபூக்கோவும் திபிரின் துறவியரும் பல்லாண்டு ஊரோடு வாழ்ந்தவர்கள். அத்தகைய வாழ்வின் துணையின்றிச் செல்வோரின் நிலையை 2007ஆம் ஆண்டு நிகழ்ச்சி விளக்குகிறது. சூலை 19 அன்று தென்கொரியாவின் திருச்சபை ஒன்றைச் சேர்ந்த 23 தன்னார்வலர்கள் காபூலிலிருந்து காந்தகாருக்குப் பேருந்தில் சென்றபோது காஸ்னி மாநிலத்தில் தாலிபான்களால் பிடிக்கப்பட்டனர். இருவர் கொல்லப்பட்டனர். ஆகத்து இறுதிக்குள் ஏனைய 21 பேரும் விடுவிக்கப்பட்டனர். தென்கொரியா தன் படைகளை அவ்வாண்டுக்குள் திரும்பப் பெறுவதாகவும், மறைப்பணியாளர் அங்குச் செல்வதைத் தடுப்பதாகவும் உடன்பட்டது.

குற்றம் கடத்தியவர்களுடையது என்பதில் ஐயமில்லை. ஆய்வுக்குரியது வேறொன்று. பஷ்தூன் மக்களிடையே விருந்தோம்பலை ‘மெல்மாஸ்தியா’ என்றும், அடைக்கலம் நாடி வருவதை ‘நனவாதை’ என்றும் வழங்குவர். இவை அம்மக்களின் வாழ்வொழுங்கில் உயர்ந்த இடம் பெற்றவை. ஆயினும் இவ்வொழுங்கு ஒரு வீட்டை, ஒரு குடும்பத்தை, ஒரு தலைவரை நாடிச் செல்பவருக்கே காப்பாகும். சாலையில் சென்ற பேருந்துக்கு வீட்டுக்காரர் எவரும் இல்லை. அதனால் அக்குழுவுக்காகத் தம் மானத்தைப் பிணைவைக்கவும் எவரும் இல்லை. மேலும் இந்நிகழ்ச்சியின் விளைவு அப்பயணிகளோடு நிற்கவில்லை. அங்கு நெடுநாளாகப் பணிபுரிந்த தங்கள் நாட்டினரின் வாய்ப்பையும் அது சுருக்கியது. கடன்பட்டவர் ஒருவர், கடனைச் செலுத்தியோர் வேறொருவர்.

இரவல் விருந்தோம்பலின் இயல்புகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து தன்னார்வலரை ஏற்கும் மறைப்பணியாளரின் நிலை குறித்துச் சில இயல்புகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, இசைவு. மூசா அக் அமஸ்தானின் இசைவின்றி ஃபூக்கோ ஹொகாரில் நிலைத்திருக்க இயலாது. அவ்வாறே, ஊர்ப் பெரியவர்கள் முன்னரே அறியாத குழு, மறைப்பணியாளரின் விருந்தாக இருக்கலாம்; ஊரின் விருந்தாகாது. எத்தனை பேர், எத்தனை நாள், எதற்காக என்பவற்றை முன்கூட்டி உரைப்பது காப்பளிப்போருக்குச் செலுத்தும் மதிப்பாகும்.

இரண்டாவது, வெளிப்படை. காப்பளிப்பவர் வந்தவரின் நோக்கத்தை அறிந்தே பிணை நிற்கிறார். நோக்கத்தை மறைத்து வருபவர் அவரை அறியாத இடருக்குள் தள்ளுகிறார். வேடமிட்டு மொரோக்கோவில் சென்ற ஃபூக்கோ, தமன்ராசெட்டில் தாம் யார் என்பதை மறைக்காமல் வாழ்ந்த மாற்றம் இங்குக் கருதத்தக்கது.

மூன்றாவது, பெறும் ஆற்றல். தன்னார்வலர் கொடுப்பதற்கென்றே வருகின்றனர். பணியின்றி அமர்ந்திருத்தல் அவர்களுக்குக் கடினம். ஊரோ அவர்களை அமரவைத்துத் தேநீர் தர விரும்பும். அத்தேநீரை ஏற்பதும் நோன்பு மாதத்தில் ஊரார் முன் பகலில் உண்ணாதிருப்பதும் இசைவின்றிப் பெண்களைப் படமெடுக்காதிருப்பதும் வந்தோரின் முதற்பணிகள். பரிசுப்பொருள்களை வரிசையாக வழங்குவது, விருந்தளித்தவரை இரப்பவராக்கிவிடும்.

நான்காவது, மொழிபெயர்ப்பு. மறைப்பணியாளர் சொல்லை மட்டுமின்றி மௌனத்தையும் மொழிபெயர்க்க வேண்டியுள்ளது. ஊரார் மறுக்க விரும்புவதை நேரில் மறுக்காதபோது, அதனை அவரே உணர்ந்து குழுவுக்கு உணர்த்த வேண்டும்.

ஐந்தாவது, எஞ்சும் கடன். குழு திரும்பிச் சென்றபின் அவர்களின் சொல்லுக்கும் செயலுக்கும் விடையளிக்கவேண்டியவர் மறைப்பணியாளர். அவருக்கு வீடு தந்தவரும் அவரோடு பழகியவரும் அவ்விடையில் பங்கேற்க நேரும். ஏனெனில் குழு ஊருக்கு இரு வாரம். அயலாருக்கோ அது வாழ்நாள்.

முடிவுரை

முகத்தில் காட்டும் சிறு மாறுதலும் விருந்தினரை வாடச்செய்யும் என்பது விருந்தோம்பல் அதிகாரத்தின் இறுதிக் குறள் உணர்த்தும் கருத்து. விருந்தளிப்பவர் விருந்தினரின் மென்மையை அறிந்து ஒழுக வேண்டும் என்பது அதன் கடமையுரை. மறைப்பணியாளர் இல்லத்தில் இக்கடமை இரு திசைகளில் செல்கிறது. வந்த தன்னார்வலரின் முகம் வாடாமல் காக்க வேண்டியவர், தம்மை ஏற்ற ஊரின் முகம் வாடாமலும் காக்க வேண்டியுள்ளார். இவ்விரண்டும் முரணும்போது ஊரின் முகத்தையே முன்வைப்பது அறம். அவர் செலவிடும் நம்பிக்கை அவருடையது அன்று, இரவலாகப் பெற்றது. இரவல் பெற்றதைக் குறையின்றித் திருப்பித் தருவதற்கு, வருவோரின் எண்ணிக்கையையும் நாளையும் நோக்கத்தையும் அவர் வரையறுக்க வேண்டியவராகிறார். மறைப்பணி வரலாற்றை எழுதுவோர், பணியாளரின் பெயரோடு அவரை ஏற்ற ஊரின் பெயரையும், ஆடுகளைத் தேடிப் பால் திரட்டியோரையும், காத்ததற்காக உயிரிழந்த ஊர்க்காவலரையும் இணைத்தெழுதுவது இவ்வகையில் ஆய்வுக் கடமையாகிறது.